ஒரு தரம், இரண்டு தரம், நிரந்தரம்

அந்த ஏலக்கூடத்தில் அவருக்கு மூணுதரம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே சும்மா இருந்துவிடுவார். வீடு மாறுகிறவர்களின் கட்டில், இழுத்து மூடிய கடையின் அலமாரி, வாரிசுகள் சண்டை போட்டுக் கடைசியில் யாருக்கும் வேண்டாம் என்று விட்ட சுவர்க்கடிகாரம், எதுவானாலும் அவர் மேடையேறிச் சுத்தியலை உயர்த்தி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, கூடத்தின் மூச்சைக் கொஞ்ச நேரம் தன் கையில் பிடித்து வைத்திருந்துவிட்டு, "மூணு தரம்!" என்று போட்டால்தான் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

அந்தச் சொல்லின்மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு பொருள் யாருடையது என்பது பொருளைப் பார்த்தால் தெரிவதில்லை. யாராவது உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்கிற ஆள் தான் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கர்வம் வீட்டுப் படி ஏறாது. "ஒரு தரம் சொல்லிட்டேன், ரெண்டு தரம் சொல்லிட்டேன்" என்று வீட்டில் ஆரம்பித்தால், "மூணாந்தரத்தையும் சொல்லிட்டுக் கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்பாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு முறைகூட ஏலக்கூடத்துக்கு வந்ததில்லை. "அதான் வீட்டுலயே கேக்குறேனே, போதாதா?" என்பது அவள் கட்சி.

பல் போனது ஒரு மடக்குக் கட்டிலால். "நிறுத்தினா சுவரோட சுவரா நிக்கும், அவிழ்த்துவிட்டா பச்சைப்பிள்ளை மாதிரி படுத்துக்கும்" என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே அவர் அதன் கொக்கியை விடுவித்தார். கட்டில் படுக்கவில்லை, எழுந்தது. எழுந்த வேகத்தில் இரும்புச் சட்டம் அவருடைய மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டையும் வேரோடு எடுத்துக்கொண்டு போனது. பின்வரிசைக்காரர்கள் இதுவும் செய்துகாட்டுவதில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். விலைகூட ஒரு படி ஏறியது. கட்டிலை வாங்கியவர் மறுநாள் அதன் மடிப்புக்குள் கிடந்த ஒரு பல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உள்ளது உள்ளபடின்னு சொல்லித்தானே விக்கிறீங்க? நியாயமாப் பாத்தா இது என்னோடது. பரவாயில்லை, வெச்சுக்குங்க" என்றார்.

பல் போனால் சாப்பாட்டுக்குத்தான் கஷ்டம் என்று நினைப்போம். ஏலக்காரருக்குக் கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. த என்ற எழுத்து, நாக்கு போய் மேல்வரிசையின் பின்புறம் முட்டினால்தான் பிறக்கும். முட்டச் சுவர் இல்லாததால் நாக்கு நேரே வாசலுக்கு வந்துவிட்டது. காயம் ஆறி மேடையேறிய முதல் நாள் "ஒரு ஹரம்" என்றார். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "ரெண்டு ஹரம்." யாரோ சிரித்தார்கள். "மூணு ஹரம்!" சுத்தியல் விழுந்தது, கூடமும் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்போடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். கடிக்கத்தான் பல் குறைந்தது. ஆனால் அன்று ஒரு பீரோவை ஆத்திரத்தில் அதிக விலைக்குக் கேட்டுவிட்டு வியர்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த விதிப்பலகையைக் காட்டினார். 'மூன்றாம் தரம் தெளிவாகச் சொல்லிச் சுத்தியல் தட்டிய பிறகே ஏலம் முடிந்ததாகக் கொள்ளப்படும்' என்று அதில் எழுதியிருந்தது.

"இவரு மூணாந்தரமே சொல்லலையே. ஹரம்னு ஏதோ சொன்னாரு. எனக்கும் அந்தப் பீரோவுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கூடத்தின் சொந்தக்காரரான முதலாளியம்மா பலகையைப் படித்தார். ஏலக்காரரின் வாயைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார். நியாயம் பலகை பக்கம்தான் இருந்தது.

இதற்கு ஏலக்காரர் கண்டுபிடித்த வழி மச்சினன். மனைவியின் தம்பியான அவன், அதே கூடத்தில் பொருள்களைத் தூக்கி மேடையேற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. குரல் கணீரென்று இருக்கும், பற்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஏலக்காரர் "மூணு" என்பார், பக்கத்தில் நின்று மச்சினன் "தரம்!" என்பான். கூட்டம் அவனுக்கு எதிரொலி என்று பெயர் வைத்தது. எதிரொலி முதலில் பணிவாகப் பின்னால் வந்தது. பிறகு கூடவே வந்தது. பிறகு முந்திக்கொண்டது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்னொரு கை எழும்பட்டும் என்று ஏலக்காரர் காத்து நிற்கும்போதே அவன் தரத்தைப் போட்டு முடித்துவிடுவான்.

"என்னடா அவசரம்? பஸ்ஸைப் பிடிக்கணுமா?" என்று த வராத சொற்களாகப் பொறுக்கிக் கேட்டார் ஏலக்காரர்.

"இல்ல அத்தான், நீங்க மூணுன்னு வாயெடுத்ததுமே எனக்குத் தரம் தானா வருது. கை வந்த கலை ஆயிடுச்சு."

கை வந்துவிட்டது என்பதை முதலாளியம்மாவும் கவனித்தார். இருவரையும் கூப்பிட்டார்.

"ஒரு சுத்தியலுக்கு ரெண்டு வாயா? ஜனங்க வேடிக்கை பாக்க வர்றாங்களா, வாங்க வர்றாங்களான்னே தெரியலை. அடுத்த மாசம் அந்தப் பழைய ஹோட்டல் சாமான் மொத்தமும் வருது. அன்னைக்கு மேடையில ஒரே ஆளுதான். நீங்களா இருந்தா முழு வாயோட வாங்க. இல்லைன்னா இவன் சொல்லட்டும், நீங்க ஓரமா உக்காந்து ரசீது போடுங்க."

மச்சினன் தரையைப் பார்த்தான். பார்த்த விதத்தில் ஒரு சுத்தியல் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து ஏலக்காரர் மனைவியிடம் சொன்னார்: பல் கட்டப் போகிறேன், அதுவும் தங்கத்தில். (த போன இடங்களை அப்படியே எழுதினால் படிப்பவர் வாயும் நோகும்; அவர் சொல்ல நினைத்ததையே எழுதிவிடலாம். மனைவிக்கு எல்லாம் புரிந்தது. பல் இருந்த காலத்திலும் அவள் அவருடைய வார்த்தையைக் கேட்டதில்லை, முகத்தைத்தான் கேட்பாள்.)

"பல்லு சரி. தங்கம் எதுக்கு?"

"விக்கிறவன் வாயில ஓட்டை இருந்தா சாமான்லயும் ஓட்டை இருக்கும்னு நினைப்பாங்க. வாயில தங்கம் இருந்தா, இவன்கிட்ட வர்ற தகரத்துலயும் ஏதோ இருக்கும்னு நினைப்பாங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் மின்னணும்."

மனைவி யோசித்தாள். பிறகு அலமாரியிலிருந்து நகைப்பெட்டியை எடுத்து, அதிலிருந்து ஒற்றைக் கம்மல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் ஜோடி எப்போதோ ஒரு ரயில் பயணத்தில் தொலைந்துபோயிருந்தது. ஒரு காதுக்கு மட்டும் போட முடியாது, விற்கவும் மனமில்லை. ஜோடி திரும்பி வந்துவிடும் என்பதுபோல் இத்தனை வருஷமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

"உருக்கிக்குங்க. ஆனா இது என் கம்மல். பல்லா இருந்தாலும் என் கம்மல்தான்."

இதில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருப்பது பல் டாக்டரின் அறையில்தான் தெரிந்தது. டாக்டர் அவசரமே இல்லாத பெண்மணி. ஏலக்காரரின் வாயில் களிமண் போன்ற ஒன்றை அழுத்தி அச்செடுத்துவிட்டு, இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் தொப்பி மாட்டி, நடுவில் தங்கப் பற்கள் இரண்டையும் பாலம் போல் கோத்து ஒட்டிவிடுவது. கழற்ற முடியாது. இன்னொன்று, மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும் மெல்லிய தட்டு. அதில் இரண்டு பல், அவற்றின்மேல் தங்க உறை. வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் சுருக்கமாகச் சொன்னாள்: "நாங்க முதல் தரம், ரெண்டாந்தரம்னு சொல்வோம். ஒட்டுறது முதல் தரம், கழட்டுறது ரெண்டாந்தரம். வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு போன் பண்ணுங்க. கம்மல் இங்க பத்திரமா இருக்கும்."

"அந்த முதல் வழி நிரந்தரமா டாக்டர்?" என்று கேட்டார் ஏலக்காரர்.

"நிரந்தரம்தான். நல்லாப் பாத்துக்கிட்டா பத்துப் பதினைஞ்சு வருஷம் வரும்."

"அதுக்குப் பேரா நிரந்தரம்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அதைவிடப் பெரிசா சொல்ல எங்ககிட்ட வார்த்தை இல்லைங்க."

டாக்டரிடம் மனைவியும் கூட வந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"நிரந்தரம்னா அப்புறம் அது உங்களோடயே போயிடும்ல?"

"எங்க போகும்?"

"நீங்க எங்க போவீங்களோ அங்க."

"ஏம்மா, பல்லு வெக்கிறதுக்கு முன்னாடியே என்னை அனுப்பி வைக்கிறியா?"

"நான் நடக்கிறதைச் சொல்றேன். தங்கம்னா கழட்டி வெக்கிறமாதிரி இருக்கணும். கழட்ட முடியாத தங்கம் இருந்தா என்ன, சுவத்துக்குள்ள பூசி வெச்சா என்ன? வேலைக்குப் போறப்ப மாட்டிக்குங்க. வந்ததும் குடுத்துடுங்க, பெட்டியில வெக்கிறேன்."

ஏலக்காரருக்கு இது நியாயமாகப் படவில்லை. தன் உடம்பில் ஒரு பகுதியைத் தினமும் மாலையில் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிற்பதா? கழற்றி வைக்கக் கூடிய பல் என்னுடைய பல் எப்படி ஆகும்? சட்டை என்னுடையது, ஆனால் சட்டை நான் இல்லை. பல் நான் அல்லவா? வாழ்நாள் முழுக்கப் பொருள்களைக் கைமாற்றிவிட்டவருக்கு, கைமாறாத ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று ஆசை வந்தது. மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ரகசியமாக டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் போட்டார். மேசைப் பெண் எடுத்தாள்.

"முடிவு பண்ணிட்டீங்களா? எது?"

ஏலக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "நிரந்தரம்!" என்றார்.

அவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் நிரந்தரத்தில் ஒரு ந இருக்கிறது, ஒரு த இருக்கிறது. அவருடைய வாயில் இரண்டுக்கும் இடமில்லை. முன்னெழுத்து கரைந்து, நடுவெழுத்து காற்றாகி, "இரங்ஹரம்" என்று ஒன்று கம்பி வழியாகப் போனது.

"ரெண்டாந்தரமா?" என்றாள் அந்தப் பெண்.

அவள் பக்கத்தில் யாருக்கோ பல் ராவுகிற சத்தம். அந்தச் சத்தத்தில் அது ஏலக்காரருக்கு "நிரந்தரமா?" என்றே கேட்டது.

"ஆமா, ஆமா, அஹேஹான்!" என்றார்.

குறிப்பிட்ட நாளில் அவர் தனியாகத்தான் போனார். பலியிடப்போகும் பக்கத்துப் பற்கள் இரண்டையும் காலையில் கண்ணாடியில் பார்த்து, நாக்கால் ஒருமுறை தடவி விடை கொடுத்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடி, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டார். வாய்க்குள் ஏதோ குளிர்ச்சியாக வந்தது. டக் என்று ஒரு சத்தம்.

"முடிஞ்சுது, எழுந்திரிங்க" என்றார் டாக்டர்.

"ராவவே இல்லையே?"

"ரெண்டாந்தரத்துக்கு எதுக்கு ராவணும்?"

ஏலக்காரர் நாக்கை உயர்த்தினார். மேலே வழவழப்பாக ஒரு தட்டு. துள்ளி எழுந்தார். "நான் நிரந்தரம்னுதானே சொன்னேன்!"

ந வந்தது. த வந்தது. நிரந்தரம், வெண்கலத் தட்டில் தட்டியதுபோல் அறையெல்லாம் ஒலித்தது. மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப சொல்றீங்களே, இது நல்லா கேக்குதுங்க. அன்னைக்கும் இப்படியே சொல்லியிருக்கலாம்ல?"

அப்படிச் சொல்ல இந்தப் பல் வேண்டியிருந்தது என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? இதைச் சொல்லி முடிக்க இந்தப் பல், இந்தப் பல்லை வேண்டாம் என்று சொல்லவும் இதே பல். ஏலக்காரர் இந்தச் சுழலில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் ஆறுதலாகச் சொன்னார்: தங்கம் எங்கேயும் போய்விடவில்லை, இதையே உருக்கி நிரந்தரமாகவும் செய்யலாம், ஆனால் ஹோட்டல் ஏலத்துக்குள் முடியாது. அதுவரை இதை மாட்டிக்கொண்டு, ஏலம் முடிந்த மாலை போன் பண்ணிச் சொன்னால் மறுநாளே ராவ ஆரம்பிக்கலாம்.

வீட்டில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. கதவைத் திறந்த மனைவி அவர் வாயைப் பார்த்தாள். விரலை நீட்டித் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். கழற்றுகிற பல்! அவள் முகம் அப்படியே இளகிப்போனது.

"எனக்காகத்தானே?" என்றாள்.

ஏலக்காரருக்கு இப்போது எல்லா எழுத்தும் வந்தது. இருந்தும் பாதி இருமல், பாதி தலையாட்டல் என்று எதையோ செய்தார். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நகைப்பெட்டி வந்து நிற்கும். "கழட்டுங்க" என்பாள். தயங்கினால், அவருடைய குரலிலேயே, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஆரம்பிப்பாள். பல்லைத் துலக்கித் துடைத்து, வளையலுக்கும் சங்கிலிக்கும் நடுவில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பூட்டுவாள். பூட்டிய பிறகுதான் குடும்ப விஷயங்களைப் பேச ஆரம்பிப்பாள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, எந்தச் சுவருக்கு எந்த நிறம், எல்லாம் அந்த நேரத்தில் முடிவாயின. ஏலக்காரர் "ஹா", "ஹூ" என்று ஆட்சேபம் தெரிவிப்பார். "பாத்தீங்களா, நீங்களே சரிங்கிறீங்க" என்பாள். ஹோட்டல் ஏலம் முடியட்டும், அந்த மாலையே போன் பண்ணிவிட வேண்டும் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். அந்த முடிவில் ந-வும் த-வும் தெளிவாக இருந்தன.

ஹோட்டல் ஏலத்தன்று காலை மனைவி பெட்டியைத் திறந்து பல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு, தானும் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்க?"

"என் கம்மல் முதல் தடவையா மேடையேறுது. நான் பாக்க வேண்டாமா?"

கூடம் நிறைந்திருந்தது. மச்சினன் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, மேடை ஓரத்தில் தயாராக நின்றான். "சும்மா, ஒரு முன்னேற்பாட்டுக்கு" என்றான். முதலாளியம்மா பக்கவாட்டில் தன் நாற்காலியில். மனைவி முன்வரிசையில். அவள் யாரென்று தம்பியைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

ஏலக்காரர் மேடையேறி வாயைத் திறந்தார். கடைசி பெஞ்சு வரை மின்னியது. "ஒரு தரம்!" என்றதும் பழைய கூட்டம் உற்சாகத்தில் மேசையைத் தட்டியது. "மூணுதரம் வந்துட்டாருய்யா!" மெத்தைகள் போயின, கண்ணாடிகள் போயின, வரவேற்பறை மணிகூடப் போயிற்று. மச்சினன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். கடைசியாக வந்தது ஹோட்டல் வாசலில் இருந்த சுழல்கதவு. பித்தளைச் சட்டம், நான்கு கண்ணாடிப் பலகை, எட்டு ஆட்கள் மூச்சுப்பிடித்துத் தூக்கி வந்தார்கள்.

ஏலக்காரர் என்பவர் முகங்களைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பார். உயர்ந்த கை ஒரு விலை, அவ்வளவுதான். பின்னால் பழைய இரும்புக் கடைக்காரர் கை தூக்கினார். முன்வரிசையில் ஒரு விரல் உயர்ந்தது. விலையை ஏற்றினார். இரும்புக்கடை. முன்வரிசை விரல். மறுபடி ஏற்றினார். விரல் இன்னும் வேகமாக உயர்ந்தது. இரும்புக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"முன்வரிசை அம்மாவுக்கு, ஒரு தரம்..." என்று சொல்லிக்கொண்டே ஏலக்காரர் முதல்முறையாக அந்த விரலுக்குச் சொந்தமான முகத்தைப் பார்த்தார்.

மனைவி விரலை உயர்த்தித் தன் முன்பல்லைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட்ட கீரை இலை ஒன்று தங்கப் பல்லின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் கம்மல்மேல் கீரையைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் சும்மா இருப்பாள்?

அந்த விலைக்கு வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஏலம் விட்டாலும் பற்றாது. இவள் என் மனைவி, தெரியாமல் விரலைத் தூக்கிவிட்டாள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கூடம் என்ன நினைக்கும்? ஏலக்காரன் பெண்டாட்டியை முன்வரிசையில் உட்கார்த்தி வைத்து விலை ஏற்றுகிறான், இன்றைக்கு மாட்டிக்கொண்டான் என்று நினைக்கும். இத்தனை வருஷத்து "மூணு தரம்" எல்லாம் அந்த நிமிஷமே பொய்யாகிவிடும்.

"ரெண்டு... தரம்..." வாழ்நாளிலேயே நீளமான இரண்டு அது. இரும்புக்கடைக்காரரின் கையைப் பார்த்தார். கட்டிய கை கட்டியபடி. சுத்தியல் மேலே இருந்தது. சொல்லாமல் இறங்க முடியாது. சொன்னால் கதவு வீட்டுக்கு வரும்.

அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் குனிந்தார். நாக்கு தட்டை ஒரு தள்ளு தள்ளியது. டக்.

"மூணு ஹரம்!"

சுத்தியல் விழுந்தது. கூடம் திகைத்தது. "என்னது?" என்றார் ஒருவர். "மறுபடி ஹரமா?" என்றார் இன்னொருவர். பழைய பீரோக்காரர் அன்றும் வந்திருந்தார், பின்னாலிருந்து சந்தோஷமாகக் கத்தினார்: "செல்லாது, செல்லாது! பலகையைப் பாருங்க, தெளிவா சொல்லலை!"

முதலாளியம்மா மேடை ஓரத்தைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. தரம் சொல்லி முடி."

மச்சினன் ஒரு அடி முன்னால் வந்தான். மார்பு விரிந்தது, வாய் திறந்தது. அவன் காத்திருந்த சொல் நாக்கு நுனியில், நல்ல பல்லுக்குப் பின்னால், தயாராக முட்டிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் அக்கா. பக்கத்தில், கைக்குட்டையை இறுகப் பிடித்தபடி அத்தான். ஏலக்காரர் அவனைக் கெஞ்சலாகப் பார்க்கவில்லை. எந்த விலையும் கேட்காத கூட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மச்சினன் தும்மினான். ஒன்று போட்டு, இன்னொன்று போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தும்மிக்கொண்டே இருந்தான். "தூசி... அம்மா... கதவுல... ஒரே தூசி..."

அந்தத் தும்மலுக்குள் இரும்புக்கடைக்காரர் எழுந்து வந்தார். கதவின் பித்தளையை நகத்தால் சுரண்டினார். முன்வரிசை அம்மாவை ஒருமுறை பார்த்தார். அவள் இன்னும் பல்லைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். விடாமல் கேட்கிறாள், கேட்கும்போதெல்லாம் பல்லைத் தட்டிக் காட்டுகிறாள். தங்க முலாம் என்கிறாளோ? அவர் கை தானாக உயர்ந்தது.

ஏலக்காரர் கைக்குட்டைக்குள் குனிந்து நிமிர்ந்தார். கீரை இல்லை. பல் மின்னியது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" மூன்றுக்கும் நடுவில் அன்று அவர் மூச்சுக்கூட விடவில்லை. சுத்தியல் இடிபோல் விழுந்தது. மனைவியின் விரல், கீரை போன நிம்மதியில், மடியில் இறங்கியது.

எல்லோரும் கலைந்த பிறகு முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டார். "கடைசி அயிட்டத்துக்கு ஏன் பல்லைக் கழட்டினீங்க?"

"உறுத்துச்சும்மா."

முதலாளியம்மா கணக்குப் புத்தகத்தை மூடினார். "கழட்டினதுல ஒரு விலை கூடக் கெடைச்சுது. பெரிய சாமானா வர்றப்ப மட்டும் உறுத்தட்டும்" என்று சொல்லிச் சுத்தியலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வாசலில் மச்சினன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நல்லாத் தும்மினேடா."

"கதவு அக்கா வீட்டுக்கு வந்திருந்தா தூக்கிட்டு வர்றது யாரு அத்தான்? என் ஆளுங்கதானே?" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. வாய் வரைக்கும் வந்துடுச்சு" என்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏலக்காரர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் பாதித் தெருவில் நின்றுவிட்டாள்.

"கீரை இருக்குன்னு காட்டினா, நீங்க பாட்டுக்கு விலையைச் சொல்லிக்கிட்டே போறீங்க! விரலைத் தூக்கினா வாங்கினதா அர்த்தமா? இது என்ன ஊர் உலகத்துல இல்லாத கடை?" கொஞ்ச தூரம் நடந்தாள். "அப்படியே வந்திருந்தா நம்ம வாசல்ல வெச்சிருக்கலாம். வர்ற சொந்தக்காரங்க ஒரு சுத்து சுத்திட்டு அப்படியே வெளியே போயிருப்பாங்க."

வீட்டுக்கு வந்ததும், அவள் பெட்டியை எடுக்க உள்ளே போன நேரத்தில் ஏலக்காரர் போனை எடுத்தார். மேசைப் பெண்தான் பேசினாள்.

"உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம். நாளைக்கு ராவ வர்றீங்களா? எது, நிரந்தரமா, ரெண்டாந்...?"

"அந்த ரெண்டு வார்த்தையும் வேண்டாம்மா" என்று ஏலக்காரர் அவசரமாக இடைமறித்தார். "கழட்டுறது. க, ழ, ட். கழட்டுறதே இருக்கட்டும்."

"ஏங்க, மனசு மாறிட்டீங்களா?"

"கழட்ட முடியாத பல்லா இருந்திருந்தா இன்னைக்கு மூணாந்தரத்தைத் தெளிவாச் சொல்லி மாட்டிக்கிட்டிருப்பேன்" என்றார். அவளுக்கு அது புரிந்திருக்காது.

திரும்பினால் மனைவி பெட்டியோடு நின்றாள். கேட்டிருப்பாளோ என்னவோ, முகத்தில் தெரியவில்லை. "ஒரு தரம்..." என்று ஆரம்பித்தாள். இரண்டாம் தரத்துக்கு வேலையே வைக்காமல் அவர் பல்லைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் துலக்கித் துடைத்துக் கிண்ணத்தில் இட்டு, வளையலை நகர்த்தி இடம் செய்து, பெட்டியைப் பூட்டினாள்.

"ஏங்க" என்றாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, "என்னதான் சொல்லுங்க, அந்தக் கதவு நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த ஏலம் என்னைக்கு? நான் வரட்டுமா?"

அதற்கு ஏலக்காரரிடம் தெளிவான, உறுதியான, த-வும் ந-வும் நிறைந்த ஒரு பதில் இருந்தது. அது பெட்டிக்குள் இருந்தது.